தொடுதிரையில் தறிப்பேச்சு

செல்போன் கடைக்குப் போன் வாங்க வருகிறவர்களைவிட போனைத் திட்ட வருகிறவர்கள்தான் அதிகம். அந்தத் திட்டை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றுதான் என்னை வேலைக்குச் சேர்த்தார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

கடை பல்லடத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு எட்டு. முதலாளி செல்வி. என் பழைய சிநேகிதரின் மகள், என்னைப் பெரியப்பா என்பாள். எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்து நாலு வருடம் விசைத்தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தேன். முழங்கால் மக்கர் பண்ணியதிலிருந்து, எட்டு வருடமாக இந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். "வயசானவங்க வந்தா நீங்க பேசுங்க பெரியப்பா. பொய் மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லித்தான் செல்வி சேர்த்துக்கொண்டாள். அதில் முதல் பாதியை இன்றுவரை ஒழுங்காகச் செய்துவருகிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல அமுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லியே" என்று கேட்டிருப்பார். சில வீடுகளில் அந்த ஒருவர் நீங்களாகவே இருந்திருப்பீர்கள். சங்கடப்பட வேண்டாம். நாமெல்லாம் ஒரே கூட்டம்தான்.

வாய்க்காலில் விழுந்த போன்

பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தண்ணியில உளுந்தா தாங்குமுங்களா?" என்றார். அட்டைப்பெட்டியில் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும் போட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டினால் யாருக்குப் புரியும்? நான் நடந்ததைச் சொன்னேன். அதாவது, நடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதை.

இதே மாடல் போன் என் பங்காளி சட்டைப்பையிலிருந்து பி.ஏ.பி. வாய்க்காலில் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் காங்கயத்துப் பக்கம் ஒரு மதகில் ஒதுங்கியது. எடுத்துத் துடைத்தால் உயிரோடு இருந்தது. நாற்பது பேர் கூப்பிட்டிருந்தார்கள். முப்பத்தொன்பது மிஸ்டு கால். ஒன்று மட்டும் எடுத்துப் பேசியதாகக் காட்டியது. "அந்த ஒண்ணை யாருங்க எடுத்தது?" என்றார் தோட்டக்காரர். "தொடுதிரையாச்சுங்களே. மீன் வாய் பட்டாப் போதுமே" என்றேன். செல்வி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தோட்டக்காரர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருக்குமுங்க. ஒரு நாள் எனக்கொரு கால் வந்துச்சு. எடுத்தா குளுகுளுன்னு தண்ணிச் சத்தந்தான். என்ற மச்சான் வேணும்னே பேசாம இருக்கறான்னு அரைமணி நேரம் சண்டை போட்டுப்போட்டேன்."

பத்து விரல்

மாராத்தாள் வெங்காயம் கிள்ளப் போகிறவர். சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் கிள்ளியெறிகிற வேலை. இருபத்தைந்து வருடம் கிள்ளியதில் விரல் நுனிகள் வழுவழுவென்று கூழாங்கல் போல ஆகியிருந்தன. மகன் வாங்கிக் கொடுத்த போனில் விரல் ரேகை வைத்துப் பூட்டுப் போட வேண்டும் என்று வந்தார். கட்டை விரலை வைத்தார். மறுபடி வை என்றது. வைத்தார். துடைத்துவிட்டு வை என்றது. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். அழுத்தி வை என்றது. அவர் அழுத்திய அழுத்தில் மேஜை நகர்ந்தது.

எட்டு விரலும் தோற்றுப் போயின. ஒன்பதாவதாக இடது கைச் சுண்டு விரலை வைத்ததும் போன் சட்டென்று ஒத்துக்கொண்டது. அந்த விரல் எந்த வேலைக்கும் போகாத விரல். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாராத்தாள் சொன்னார்: "ரேசன் கடையிலயும் இதே கதைதானுங்க. நான் இருக்கறனா இல்லியான்னு மிசினுக்கு எப்பவுமே சந்தேகம். நோகாம உக்காந்திருந்தவனைத்தான் எல்லாத்துக்கும் அடையாளம் தெரியுது."

பழனியில் விட்டுவந்த முகம்

கோழிப் பண்ணைக்காரர் ஒருவர், நல்ல முறுக்கு மீசை, முகத்தைக் காட்டினால் திறக்கிற போன் வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு மொட்டைத் தலை, மீசையும் இல்லாமல், சந்தனப் பூச்சோடு கடைக்குள் வந்து, "என்ன போனுங்க குடுத்தீங்க, என்னையவே தெரியலைங்குது" என்று சத்தம் போட்டது. நீங்கள் யார் என்று நானும் கேட்கத்தான் வாயெடுத்தேன். பின்னால் வந்த அவர் சம்சாரத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடித்தேன்.

பழனிக்கு வேண்டுதல். முடியோடு மீசையையும் கொடுத்துவிட்டார். போன் நான்கு நாளாக அவரை உள்ளே விடவில்லை. ரகசிய எண்ணையும் மறந்துவிட்டார். போனைக் கண்டபடி பேசினார். ஏமாற்றுக் கம்பெனி என்றார். கணவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அந்த அம்மணி மெதுவாகச் சொன்னார்: "அதை எதுக்குங்க திட்டறீங்க? எனக்கே பழக ரெண்டு நாளாச்சு."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்

இனி என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குடோன் என்று நாங்கள் சொல்கிற தறிக்கூடத்துக்குள் நாற்பது தறி ஓடும்போது யாரும் யார் பேசுவதையும் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டோம். குரலே இல்லாமல் வாயை மட்டும் நீட்டி நீட்டி அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களை இரண்டு தரம் விரித்து மூட வேண்டும். குடும்பக் கதை, சினிமாக் கதை, முதலாளியைத் திட்டுவது எல்லாம் முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே நடக்கும். இதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தறியோடு நின்றால் ஆறு மாதத்தில் தானாக வரும். வேறெப்படியும் வராது.

கடையில் எனக்கு இது பெரிய உபகாரம். கதவுக்கு வெளியே நின்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை உள்ளேயிருந்து படித்துவிடுவேன். அவர்கள் நுழைந்ததும், மனதில் என்ன வைத்திருக்கிறார்களோ அதையே எடுத்து மேஜையில் வைப்பேன். அந்தப் பெரியவருக்கு ஏதோ சித்து இருக்கிறது என்று சாமளாபுரம் வரைக்கும் பேச்சு. அதை நானும் மறுத்ததில்லை.

ஒரு நாள் கதவுக்கு வெளியே வயதான தம்பதி. அந்த அம்மாள், "சத்தம் பெருசா வர்றதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா இவரு வாயை மூடிக்குவாரு" என்று தனக்குத்தானே முணுமுணுத்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். புருஷன் தலையைத் திருப்பினார். நேராக என் கண்ணைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, குரலே இல்லாமல், அசல் தறிக்காரர் வாயால் நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, அங்க உக்காந்துட்டு ஒட்டுக் கேக்கறீங்களாக்கு?"

அரைமணிக்கு ஒரு வரி

அவர் பெயர் சின்னச்சாமி. அந்த அம்மாள் துளசிமணி. நாற்பது வருடம் தறி ஓட்டியதில் சின்னச்சாமிக்குக் காது படிப்படியாகப் போய், ஆறு வருடமாகச் சுத்தமாக இல்லை. மெஷின் வைத்தும் பார்த்தார்களாம். காதுக்குள் ஏதோ நெரநெரக்கிறது என்று கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். மற்றவர்களிடம் பேசும்போது தன் குரல் தனக்கே தெரியாமல் கடையே அதிரப் பேசினார். என்னிடம் மட்டும் சத்தமில்லாமல் வாயசைத்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு எனக்கும் பழைய பேச்சு. இரண்டு பேரும் உட்கார்ந்து வாயசைத்துக் கொண்டதில் டீ ஆறிப்போனது. கடையில் மற்ற வாடிக்கையாளர்கள் நாங்கள் என்ன மென்று தின்கிறோம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரே மகள் கோமதி. பி.காம். படித்தவள். கட்டிக்கொடுத்து மாப்பிள்ளையோடு சூரத்தில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாள். துளசிமணி போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் அரைமணி நேரம் பேசுவார். திரும்பி வந்து, 'நல்லா இருக்கறாளாம்' என்று புருஷனுக்கு உதடு தெரியச் சொல்வார். அவ்வளவுதான். ஆறு வருடமாகச் சின்னச்சாமிக்கு மகளிடமிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தை. அவள் வாயிலிருந்தே ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் போன்.

துளசிமணி கேட்டபடி நான் இரட்டை ஸ்பீக்கர் வைத்த போனை எடுத்தேன். இதை முழுச் சத்தத்தில் வைத்தால் காமநாயக்கன்பாளையத்தில் மேயப் போன மாடு தானாக வீடு திரும்பும் என்றேன். பாட்டைப் போட்டதும் ஷோகேஸ் கண்ணாடி நடுங்கியது. செல்வி காதைப் பொத்திக்கொண்டாள். சின்னச்சாமி போனைக் கையில் வாங்கி, உள்ளங்கையில் வைத்து, அது துடிப்பதைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சத்தம் எனக்கு எதுக்குங்க? நாப்பது வருசம் கேட்டாச்சு. எம் புள்ளை மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு குடுங்க. அவ அரைமணி நேரம் பேசறா, இவ எனக்கு அரை வரி சொல்றா."

கேமரா எந்தப் பக்கம்

முகம் தெரிய வேண்டும் என்றால் வீடியோ கால். வீடியோ காலுக்கு நல்ல முன்பக்கக் கேமரா. இவ்வளவு கணக்குப் போட்டு, கடையிலேயே முன்பக்கக் கேமரா ஒசத்தியான போனை சின்னச்சாமி கையில் கொடுத்தேன். அகலமான திரை. ஓரம் கையை அறுக்காமல் வளைந்து வந்திருக்கும். வெயிலில் பிடித்தாலும் படம் தெரியும். இந்தக் கேமராவில் முகத்தைக் காட்டினால் அடுத்த வாரம் முளைக்கப் போகிற மீசைகூடத் தெரியும் என்றும் சொல்லி வைத்தேன். துளசிமணி மட்டும், "எதுக்குங்க இத்தனை பெருசா, இவருக்கு வேண்டாத வேலை" என்று கடைசி வரை முனகிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக எதை எதையோ படிக்கிற நான், அந்த முகத்தைப் படிக்கத் தவறிவிட்டேன்.

பத்து நாளில் சின்னச்சாமி போனோடு திரும்பி வந்தார். மகள் முகம் வருகிறது, வாய் வரவில்லை என்றார். சூரத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆமாம். மூக்குக்குக் கீழே ஒரு கலங்கல். பேசி முடித்த பிறகு உதடு அசைகிறது. நான் திரையைத் துடைத்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். பிட்டர் புத்தி, எதையாவது கழற்றாமல் விடாது. ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்த செல்வி கடைசியில் எழுந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் பெரியப்பா, இந்தக் கேமரா இவரு மூஞ்சியைத்தானே அங்க காட்டும்? அவங்க வாய் இவருக்குத் தெரியோணும்னா நல்ல கேமரா அவங்க கையிலல்ல இருக்கோணும்? நீங்க போனைத் தப்பான ஊருக்கு வித்துப்போட்டீங்க."

கையைத் தூக்கினாள்

அந்தப் போனையே பெட்டியில் போட்டுச் சூரத்துக்குக் கூரியரில் அனுப்பினோம். சின்னச்சாமிக்குப் பெரிய திரையோடு சாதாரணப் போன் ஒன்று. சூரத்தில் கோமதி வீட்டில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னச்சாமியும் துளசிமணியும் கடைக்கே வந்துவிட்டார்கள். சலவைச் சட்டை. சீவிய தலை. போனை மேஜையில் ஸ்டாண்டு வைத்து நிறுத்தினேன். மகள் முகம் வந்தது. இந்தத் தரம் கலங்கல் இல்லை. மேலுதட்டில் இருந்த ஒரு சின்ன மச்சம்கூடத் தெளிவாக இருந்தது.

கோமதி அப்பாவைப் பார்த்தாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை இரண்டு தரம் விரித்து மூடினாள். பிறகு குரலே இல்லாமல் வாயை நீட்டி, 'அப்பா, சாப்ட்டீங்களா' என்றாள். செல்வி, "சத்தம் வரலையே, மைக் போயிருச்சா" என்று ஓடி வந்தாள். நான் அவளைக் கையமர்த்தினேன். மைக்கில் ஒன்றும் குறையில்லை. சின்னச்சாமி ஒரு வார்த்தை விடாமல் படித்துக்கொண்டிருந்தார். 'சாப்ட்டேன் கண்ணு, நீ?' என்றார். அவள் சிரித்தாள், இவர் சிரித்தார். வீட்டுக்காரர் எப்படி, பால் என்ன விலை, அங்கே மழையா, அம்மா மாத்திரை போடுகிறாரா. ஆறு வருடத்துப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் வழிந்தது. எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது, ஏசி அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் சின்னச்சாமியின் கை மெல்ல மேஜையில் இறங்கியது. அவருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். தறிப்பேச்சை அவர் வீட்டில் பேசியதே இல்லையாம். என் பிள்ளை குடோன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த மகள். தறியோடு நிற்காத யாருக்கும் அப்படிக் கையைத் தூக்கத் தெரியாது. அப்படி வாயை நீட்டத் தெரியாது. துளசிமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றார். திரையில் கோமதியும் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். சின்னச்சாமி போனை ஸ்டாண்டோடு கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு அவளைப் போலவே சத்தமில்லாமல் கேட்டார்: "எத்தனை தறி பாக்கறே கண்ணு?"

வேப்பமரத்தடிப் பேச்சு

ஆறு விரலைக் காட்டினாள். ஆறு தறி. மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை பாதியாகிவிட்டது, ஒன்றரை வருடமாக இவளும் போகிறாள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மாவும் மகளும் அன்றிலிருந்து பேசி வைத்துக்கொண்டதுதான் அந்த அரைமணி நேரப் பேச்சு. சின்னச்சாமி கோபப்படுவார் என்று நான் நாற்காலியை முன்னெச்சரிக்கையாகப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. மகளிடம், 'சரி கண்ணு, அடுத்த ஞாயித்துக்கெழமை பேசலாம்' என்று வாயசைத்துவிட்டு, வெளியே போய்க் கடைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

துளசிமணிக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். இப்படி மறைத்திருக்க வேண்டாமே அம்மணி என்றேன். அவருக்கு அதுவரை அடக்கி வைத்த அழுகை வந்தது. "அவரு காதைக் குடுத்துத்தானுங்க அவளைப் படிக்க வெச்சாரு" என்றார். "இப்ப அவளும் போயி அங்கயே நிக்கறாள்னு நான் எந்த வாயில சொல்றது? அவருக்குக் கேக்காதது நல்லதாப் போச்சுன்னு மரத்தடியில நின்னு அழுதுட்டு, ஊட்டுக்குள்ள வந்து நல்லா இருக்கறாள்னு சொல்லிப்போடுவேன்."

பாட்டு வேண்டாம்

நான்கு நாள் கழித்து சின்னச்சாமி தனியாக வந்தார். போனைத் திருப்பித் தர வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேராக ஹெட்செட் மாட்டியிருக்கும் பக்கம் போய் நின்றுகொண்டு, "ஹெட்செட் வேணுமுங்க, பெருசா" என்று கடையே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னார். காது கேட்காத மனிதருக்கு ஹெட்செட்டா என்று செல்வி என்னைப் பார்த்தாள். நான் பாட்டின் அதிர்வு நன்றாகத் தெரிகிற ஒன்றை எடுத்தேன். அவர் தலையாட்டினார். என் பக்கம் குனிந்து வாயசைத்தார். 'எனக்கில்லைங்க. கோமதிக்கு. பாட்டெல்லாம் வேண்டாம். காதுல மாட்டுனா ஒண்ணுமே கேக்காத மாதிரி ஒண்ணு குடுங்க.'

வேலையை விட்டுவிடச் சொல்லவில்லையா என்று கேட்டேன். 'ஒரு ராத்திரி பூரா அதைத்தான் நெனச்சேன்' என்றார். 'விட்டுட்டு வான்னு சொல்லிப்போடலாம். வந்தா என்ன பண்றதுன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லையே. எனக்குக் காது போனப்ப, இது போகுதுன்னு சொல்ல யாருமில்லைங்க. அவளுக்கு நான் இருக்கறனல்ல.' இதைச் சொல்லும்போது அவர் தன் காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

செல்வி வெளியே இருக்கிற சத்தத்தைத் தானாக அடக்குகிற ஹெட்செட்டை எடுத்து வந்தாள். கடையிலேயே ஒசத்தியான சரக்கு. நானும் பெட்டியைப் பிரித்து, "இதை மாட்டிட்டா பக்கத்துல இடி உளுந்தாலும்" என்று ஆரம்பித்தேன். சின்னச்சாமி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. ஒரு எழுத்துக்கூடத் தவறிவிடக் கூடாது, மகள் காது அதில்தான் இருக்கிறது என்பது போலப் பார்த்தார். எனக்கு இடி பாதியில் நின்றுபோனது. பெட்டியை மூடினேன். இது பஸ்ஸிலும் ஏரோப்ளேனிலும் போகிறவர்களுக்கு. தறிச் சத்தத்துக்கு ஆகாது. பஞ்சும் வேர்வையும் பட்டால் இரண்டு மாதம் தாங்காது. ஜல்லி உடைக்கிற கிரஷரில் நிற்கிறவர்கள் காதில் கிண்ணம் போல இரண்டு பக்கமும் மூடிக்கொள்வார்களே, அதுதான் வேண்டும், கோயமுத்தூரில் இரும்புச் சாமான் விற்கிற பெரிய கடைகளில் கிடைக்கும் என்று வாயசைத்து, பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதியும் கொடுத்தேன். இரண்டு வாங்குங்கள், ஒன்று மாப்பிள்ளைக்கு என்றேன்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பினார். இந்தத் தரம் வாயசைக்கவில்லை. செல்விக்கும், கடையில் இருந்த அத்தனை பேருக்கும், ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவ காது நல்லா இருக்கோணுமுங்க. நாளைக்கு ஊட்டுக்கு வந்தா, அப்பனும் புள்ளையும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துட்டே உக்காந்துட்டா, வாசல்ல வந்து கூப்படறவங்களுக்கு யாருங்க போய்க் கதவைத் தொறக்கறது?"

செல்போன் கடையில் எட்டு வருடம் குப்பை கொட்டி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: நம் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளரிடம் எவ்வளவு ஒசத்தியான சரக்கையும் விற்க முடியாது.